பனியுக வங்கக்கடல் 32 டிகிரியா? ரூபர் ஓட்டு எம்ஜி/சிஏ இடிக்கிறது

வண்டல்வாசி (கேள்வி)

வணக்கம். கிருஷ்ணா-கோதாவரி வடிநிலத்துக்கு எதிரே 1,150 மீட்டர் ஆழத்தில் எடுத்த 5 மீட்டர் கிராவிட்டி கோர் (எடையால் கடலடியில் குத்தி எடுக்கும் வண்டல் தண்டு). கடந்த 30,000 ஆண்டுகளில் கடல் மேற்பரப்பின் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் எப்படி மாறின என்று பார்க்க வேண்டும். 5 செ.மீ.க்கு ஒரு மாதிரி. 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, 250-355 மைக்ரான் பிரிவிலிருந்து வெள்ளை ரூபர் (குளோபிஜெரினாய்டஸ் ரூபர், மேற்பரப்பில் வாழும் ஃபோராம் என்ற ஒற்றைச்செல் உயிரியின் சுண்ணாம்பு ஓடு) பொறுக்கியாயிற்று. மாதிரிக்குப் பத்து ஓடு ஐசோடோப்புக்கு, 35 ஓடு எம்ஜி/சிஏ-வுக்கு (மக்னீசியம்/கால்சியம் விகிதம்; கடல் சூடானால் ஓட்டில் இது கூடும்).

டெல்டா 18-ஓ (ஓட்டிலுள்ள கன, லேசான ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம்) எதிர்பார்த்தபடிதான் வருகிறது. கோரின் தலையில் -3.0‰, அடியில் பனியுகப் பகுதியில் -1.0‰. எம்ஜி/சிஏ தலையில் 4.9 மில்லிமோல்/மோல். அதை வெப்பநிலையாக்கும் அனந்த் 2003 சமன்பாட்டில் (எம்ஜி/சிஏ = 0.38 × e^(0.09 × வெப்பநிலை)) போட்டால் 28.5 டிகிரி, இன்றைய நிலைக்குப் பொருந்துகிறது. ஆனால் 3.5 மீட்டருக்குக் கீழே 6.0 முதல் 6.8 வரை ஏறிவிடுகிறது. அதாவது 30.5 முதல் 32 டிகிரி. பனியுகத்தில் கடல் இன்றைவிடச் சூடு என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சுத்தம் செய்தது, களிமண்ணையும் கரிமப் பொருளையும் நீக்கும் பார்க்கர் முறையில். பனியுகத்தில் பருவமழை குறைந்து கடல் உப்பேறியிருந்ததால் எம்ஜி கூடியதா? உப்புத்தன்மையைச் சேர்த்த புதிய சமன்பாட்டுக்கு மாறினால் தீருமா? கூடவே ஒன்று: நான்கு ரேடியோகார்பன் தேதிக்குத்தான் பணம் இருக்கிறது. அவற்றை எங்கே வைப்பது?

ஆழிசூழ்

சமன்பாட்டை மாற்றித் தப்பிக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புதிய அளவுத்திருத்தங்களில் ரூபருக்கு ஒரு டிகிரிக்கு 6% அளவிலும், உப்புத்தன்மை ஓர் அலகு கூடினால் 3% அளவிலும் எம்ஜி/சிஏ ஏறுகிறது. பனிப்பாறைகளில் நீர் முடங்கியதால் உலகக் கடல் முழுதுமே ஏறக்குறைய ஓர் அலகு உப்பேறியது. பருவமழைக் குறைவுக்கு இன்னும் இரண்டு சேர்த்து மூன்று அலகு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10% ஏறும், அதாவது ஒன்றரை டிகிரி. ஆனால் அப்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடு 190 பிபிஎம்தான். கடல்நீரின் பிஎச் 0.15 அளவு கூடுதலாக இருந்திருக்கும், அது எம்ஜி/சிஏ-வைப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கீழே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பனியுகத்துக்கு எதிர்பார்க்கும் 25.5 டிகிரிக்கு 3.8 வர வேண்டும்; அந்த இடத்தில் 6.8 வருவதற்கு இது பதிலே இல்லை.

மற்ற வழக்கமான சந்தேகங்களும் எதிர்ப்பக்கம்தான் போகின்றன. ஓடு கரைந்தால் எம்ஜி குறையும். தவிர, 1,150 மீட்டரில் கரைசல் பெரிய பிரச்சினை இல்லை. ரூபர் என்று நினைத்து, அதைப் போலவே இருக்கும் எலாங்கேட்டஸைப் பொறுக்கியிருந்தால் அது சற்று ஆழத்தில் வாழ்வது, குளிர்ச்சியைத்தான் காட்டும். ஆகவே உயிர் இருந்தபோது ஓட்டில் சேராத எம்ஜி, பிறகு வெளியிலிருந்து வந்திருக்கிறது. வங்கக்கடலில் முதல் சந்தேகம் களிமண்மேல்தான்.

எவ்வளவு களிமண் இருந்தால் போதும் தெரியுமா? 35 ஓடு, ஓட்டுக்கு 11 மைக்ரோகிராம், மொத்தம் 400 மைக்ரோகிராம் அளவு. அதில் 4 மைக்ரோமோல் கால்சியம். விகிதம் 3.8-லிருந்து 6.8 ஆக 12 நானோமோல் எம்ஜி அதிகம் வேண்டும். களிமண்ணின் எடையில் 2% எம்ஜி என்றால், ஒரு மைக்ரோகிராம் களிமண்ணில் 0.8 நானோமோல். ஆக 15 மைக்ரோகிராம் களிமண் அமிலத்தில் முழுக்கக் கரைந்தால் போதும். 35 ஓட்டுக்கும் பிரித்தால் ஓட்டுக்கு அரை மைக்ரோகிராம்கூட இல்லை; நுண்ணோக்கியில் ஓர் அறையின் மூலையில் ஒட்டிய பழுப்புத் திட்டு அந்த அளவு இருக்கும். நீர்த்த அமிலத்தில் முழுதும் கரையாது என்றாலும், நீண்ட நேரம் ஊறவிட்டால் நிறையவே கசியும்.

அதே கரைசலில் அலுமினியம், இரும்பு, மாங்கனீசு அளந்திருப்பீர்கள். ஒவ்வொன்றையும் எம்ஜி/சிஏ-வுக்கு எதிராக வரைந்து பாருங்கள். அலுமினியத்தோடு எம்ஜி சேர்ந்து ஏறினால் களிமண். இரும்பு/எம்ஜி 0.1 மோல்/மோலைத் தாண்டிய மாதிரியை நம்பவே கூடாது. சிலர் அந்தக் கோட்டை அலுமினியம் பூஜ்யம் வரை நீட்டி, வெட்டும் புள்ளியை ‘திருத்திய’ மதிப்பு என்று போட்டுவிடுகிறார்கள். அதை ஒரு குறிப்பாகப் பாருங்கள், தரவாக எழுதாதீர்கள். களிமண்ணின் கலவை மாதிரிக்கு மாதிரி மாறும்.

பார்க்கர் முறையில் எங்கே வழுக்கும் என்றால், உடைப்பதிலேயே. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒவ்வோர் அறையும் திறக்கும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். ஓர் அறை மூடியே இருந்தால் உள்ளே இருக்கும் களிமண் கடைசிவரை வெளியே வராது. மாவாக்கினாலோ, கழுவும்போது ஓட்டுத்துண்டே நீரோடு போய்விடும். அல்ட்ராசோனிக்கில் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்ததும், பெரிய துண்டுகள் இறங்கச் சில விநாடி மட்டும் விட்டு, மேலே பால் போல் கலங்கி நிற்கும் நீரை உடனே உறிஞ்சுங்கள். தெளியட்டும் என்று காத்திருந்தால் களிமண்ணும் சேர்ந்து இறங்கிவிடும். நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். வெளிக்கடல் மாதிரிக்கு ஐந்தாறு முறை போதும். இந்த வண்டலுக்கு நீர் தெளிவாக வரும்வரை, பத்து முறை ஆனாலும் செய்யுங்கள். மெத்தனால் கழுவலை இரண்டிலிருந்து நான்காக்குங்கள். அதன் பிசுக்கு குறைவு, நீருக்கு அசையாததை அது எழுப்பும்.

அதன் பிறகுதான் ஆக்சிஜனேற்றம்: 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 1% ஹைட்ரஜன் பெராக்சைடு, கொதிநீர்த் தொட்டியில் பத்து நிமிடம், இடையில் குழாயைத் தட்டிக் குமிழிகளை விடுவிக்க வேண்டும். பிறகு துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து கறுப்பு, பழுப்புத் துண்டுகளை ஈரத் தூரிகையால் விலக்கி, 0.001 மோலார் நைட்ரிக் அமிலத்தில் ஒரு விரைவுக் கழுவல். கடைசியில் 0.075 மோலாரில் கரைத்தவுடன் மையவிலக்கில் சுற்றி, அடியைத் தொடாமல் மேல்நீரைப் புதுக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே விட்டால், அடியில் கிடக்கும் களிமண் எம்ஜியைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.

ரிடக்டிவ் படியை (உலோக ஆக்சைடு பூச்சைக் கரைத்தெடுக்கும் கழுவல்) சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது எம்ஜி/சிஏ-வைப் பத்து சதவீத அளவில் குறைத்துவிடும். கோரின் பாதிக்கு மட்டும் சேர்த்தால் ஒப்பிடவே முடியாது. செய்தால் எல்லாவற்றுக்கும், அதற்குரிய அளவுத்திருத்தத்தோடு.

கடலடிவாயு

ஆழிசூழ் சொன்னது சரிதான். ஆனா இடம் கிருஷ்ணா-கோதாவரிங்கிறதை விட்டுட்டாரு. 2006-ல் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்தில் துளையிட்டப்போ தடிமனான ஹைட்ரேட் (பனிக்கட்டி மாதிரி நீரோட உறைஞ்ச மீத்தேன்) படுகை கிடைச்ச அதே வடிநிலம். கீழேயிருந்து மீத்தேன் ஏறுது, மேலேயிருந்து சல்பேட் இறங்குது, ரெண்டும் சந்திக்கிற இடத்தில் புதுசா கார்பனேட் படியும். மீத்தேன் கசிகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சந்திப்பு கடலடியிலிருந்து சில மீட்டர்லேயே வந்துடும். அங்கே புதையுண்டு கிடக்கிற ஃபோராம் ஓடுதான் படிகம் வளர வசதியான தளம்.

படியறது பெரும்பாலும் எம்ஜி மிகுந்த கால்சைட். 10% எம்ஜி கார்பனேட்னு வெச்சாலே 100 மில்லிமோல்/மோலுக்கு மேல. ஓட்டெடையில் வெறும் 3% பூச்சு ஏறினா எம்ஜி/சிஏ 3 அலகு கூடிடும். உங்க வித்தியாசம் அதேதான். இதை எத்தனை முறை கழுவினாலும் போகாது, ஏன்னா அதுவும் கால்சைட்தான்.

கண்டுபிடிக்கிறது சுலபம். ஐசோடோப் ஓட்டத்திலேயே டெல்டா 13-சி (கன, லேசான கார்பன் ஐசோடோப்புகளோட விகிதம்) வந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. ரூபருக்கு 1‰ சுற்றி இருக்கணும். மீத்தேனிலிருந்து வந்த கார்பனேட் -40, -50‰ வரை போகும். 3% பூச்சு -45‰ன்னா மதிப்பு 1.4‰ அளவு இறங்கிடும். டெல்டா 18-ஓவும் அந்தப் பூச்சால் 0.1, 0.2‰ கனமாகும், சின்னதா இருக்கிறதால கண்ணில் படாது.

கண்ணாலேயும் பார்க்கலாம். நல்ல ஓடு கண்ணாடி மாதிரி ஒளி விடும், நீர் வெச்சா உள்ளறை தெரியும். பூச்சேறினது மங்கின வெள்ளை, சர்க்கரைத் தூள் ஒட்டின மாதிரி, அதே அளவு ஓடு எடையும் கூட. சந்தேகம்னா எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) உடைச்ச சுவரைப் பாருங்க, உள்பக்கத்தில் கூர்முனைப் படிகங்கள் நிக்கும்.

இன்னொண்ணு. அந்த ஆழத்தில் அறைக்குள்ளே கறுப்பா மினுங்கற உருண்டைகள் இருந்தா பைரைட் (இரும்பு சல்ஃபைடு). அலுமினியம் இல்லாம இரும்பு மட்டும் ஏறினா அதுதான் காரணம். மாதிரியைக் கலைக்க நடுநிலையாக்காத பெராக்சைடை முதல்லேயே ஊத்தினா பைரைட் ஆக்சிஜனேற்றமாகி கந்தக அமிலம் உண்டாகும், ஓட்டைத் தின்னும். கோரை ஈரத்தோட திறந்து வெச்சிருந்தாலும் அதே வேலை நடக்கும். சல்லடையில் ஊசி ஊசியா ஜிப்சம் நின்னா அதோட தடயம்.

வண்டல்வாசி

இருவருக்கும் நன்றி. வரைந்து பார்த்தேன், இரண்டும் இருக்கிறது போல.

3.5 முதல் 4.4 மீட்டர் வரை: அலுமினியம்/கால்சியம் 0.6 முதல் 1.2 மில்லிமோல்/மோல், எம்ஜி-யோடு சேர்ந்து ஏறுகிறது. டெல்டா 13-சி 0.8 முதல் 1.1‰.

4.5 மீட்டருக்குக் கீழே: அலுமினியம் 0.1-க்குள். எம்ஜி 6.5-க்கு மேல். டெல்டா 13-சி -0.4 முதல் -0.9‰. ஓடுகள் மங்கல் வெள்ளைதான்.

கீழ்ப் பகுதியைக் காப்பாற்ற வழி உண்டா?

ஆழிசூழ்

மேல் தொகுப்புக்கு வழி உண்டு: மீதி ஓட்டில் திரும்பச் சுத்தம் செய்யுங்கள். அலுமினியம் 0.2-க்குள் இறங்கியும் எம்ஜி அசையவில்லை என்றால் மறுபடி வந்து எழுதுங்கள்.

கீழ்த் தொகுப்பின் எம்ஜி/சிஏ-வைக் கரைசல் முறையில் எடுக்காதீர்கள். லேசர் அப்ளேஷன் ஐசிபி-எம்எஸ் (லேசரால் சுரண்டித் தனிமங்களை அளக்கும் கருவி) கிடைத்தால், வெளியிலிருந்து உள்ளே சுவரைத் துளைத்து ஆழவாக்கில் அளக்கலாம். பூச்சு வெளியிலும் உட்பக்கத்திலும் முகடாகத் தெரியும், நடுவில் தட்டையாக நிற்பதுதான் உயிரோடு இருந்தபோது கட்டிய சுவர். ஓட்டுக்கு ஓட்டு மதிப்பு மிகவும் வேறுபடும், ஆகவே மாதிரிக்குக் குறைந்தது 15-20 ஓடு அளந்து சராசரி எடுங்கள். ஓட்டில் பூச்சு துளைகளுக்குள்ளேயே ஊடுருவி நடுத்தட்டே தெரியவில்லை என்றால் அந்த அரை மீட்டரைக் கைவிடுங்கள். 4.4 மீட்டர் வரை நம்பகமான தரவு, அதற்குக் கீழே வெற்றிடம். ஆய்வுக்கட்டுரையில் அப்படி எழுதுவதில் குறையொன்றுமில்லை.

காலக்கணிதர்

தேதிகளைப் பற்றி. நான்கு போதாது, ஆனால் நான்குதான் என்றால் அவற்றைச் சம இடைவெளியில் வைத்து வீணாக்க வேண்டாம். முதலில் டெல்டா 18-ஓ வளைவை முடியுங்கள். ஒன்று தலையில், ஒன்று ஹோலோசீனுக்குள் (பனியுகத்துக்குப் பிந்தைய இன்றைய காலம்) ஏறும் சரிவின் மேல்முனையில், ஒன்று அதன் அடிமுனையில், கடைசி ஒன்று 4.3 மீட்டர் அளவில், பூச்சு இல்லாத இடத்தில். தலைத் தேதியைத் தவிர்க்க நினைக்காதீர்கள். கிராவிட்டி கோர் தரையில் மோதும்போது மேலே உள்ள கூழ்ச்சேறு சிதறிப்போகும், எத்தனை செ.மீ. போயிற்று என்று அந்தத் தேதிதான் சொல்லும்.

கடைசித் தேதியைப் பூச்சேறிய ஓட்டில் எடுத்தால் என்ன ஆகும்? மீத்தேன் கார்பனில் ரேடியோகார்பன் இல்லை, செத்த கார்பன். 3% சேர்ந்தால் தேதி 245 ஆண்டு முதுமை காட்டும். அது பரவாயில்லை என்று தோன்றலாம். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: 30,000 ஆண்டு மாதிரியில் 1% புதிய கார்பன் ஒட்டினால் 2,700 ஆண்டுக்கு மேல் இளமை காட்டும். ஈரமாக மாதக்கணக்கில் கிடந்த சல்லடை மிச்சம், பூஞ்சை பிடித்த குப்பி இவையெல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எடை: கிராஃபைட் ஆக்கும் ஆய்வகங்கள் கேட்பது சுமார் 1 மில்லிகிராம் கார்பன், அதாவது 8.3 மில்லிகிராம் ஓடு. ரூபர் மட்டும் என்றால் 750 ஓடு. இந்த வண்டலில் அவ்வளவு கிடைக்காது, ஆற்று மண்தான் முக்கால்வாசி. ரூபரோடு சாக்குலிஃபெரையும் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டுமே மேற்பரப்பில் வாழ்பவை. மினார்டியைச் சேர்க்காதீர்கள், அது ஆழத்து நீரில் ஓடு கட்டுவது. வாயு நிலையில் அளக்கும் ஏஎம்எஸ் (ரேடியோகார்பன் அணுக்களை எண்ணும் கருவி) வசதி கிடைத்தால் பத்தில் ஒரு பங்கு ஓடு போதும். பிழை வீச்சு கூடும், அவ்வளவுதான்.

ரேடியோகார்பன் வயதை நாட்காட்டி வயதாக்க மரைன்20 என்ற கடல் வளைவு. பழைய கட்டுரையில் மரைன்13-க்குக் கணக்கிட்ட டெல்டா-ஆர் (வட்டாரக் கடல் வயதுத் திருத்தம்) மதிப்பை எடுத்து மரைன்20-ல் போடுவதை இன்னும் பார்க்கிறேன். இரண்டின் அடிப்படைக் கடல் வயதே வேறு. அதே வட்டார மாதிரிகளுக்கு மரைன்20-ல் திரும்பக் கணக்கிட்ட மதிப்புதான் செல்லும்.

கோரை நம்புவதற்கு முன் ஒன்று பாருங்கள். இது சரிவுப் பகுதி, மண் சரிந்து வந்திருக்கலாம். 63 மைக்ரானுக்கு மேலான மிச்சத்தில் அம்மோனியா, எல்ஃபிடியம் போன்ற கரையோர அடிவாழ் ஃபோராம்கள், மைக்கா செதில், மரத்துண்டு சேர்ந்து வந்தால் அந்த அடுக்கு மேலேயிருந்து இறங்கியது. இளஞ்சிவப்பு ரூபர் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் இன்னும் உறுதி. அந்த வகை இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. 20,000 ஆண்டு அடுக்கில் அதற்கு வேலையில்லை. அப்படிப்பட்ட அடுக்கின் தடிமனைக் கழித்துவிட்டு ஆழம்-வயதுக் கணக்கு போடுங்கள்.

5 செ.மீ. இடைவெளியை 1 செ.மீ. ஆக்கலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 30,000 ஆண்டுக்கு 5 மீட்டர் என்றால் ஆயிரம் ஆண்டுக்கு 17 செ.மீ. அளவு. புழுக்கள் மேல் 8-10 செ.மீ.யைக் கிளறிக்கொண்டே இருப்பதால் ஐந்தாறு நூற்றாண்டு எப்படியும் கலந்துதான் கிடக்கும். அந்தப் பணத்துக்கு இன்னொரு தேதி வாங்குங்கள்.

முத்துக்குளிப்பு

உப்புத்தன்மைக் கணக்கு பற்றி யாரும் பேசவில்லை, சுருக்கமாக.

முதலில், ஐசோடோப்புக்குப் பத்து ஓடு, எம்ஜி-க்கு 35 ஓடு என்று தனித்தனியே எடுக்காதீர்கள். 45 ஓட்டையும் ஒன்றாக உடைத்துக் கலந்து, பிறகு பிரியுங்கள். தனித்தனிக் கூட்டம் என்றால் இரண்டு மதிப்பும் வெவ்வேறு பருவங்களைக் காட்டலாம், ஓட்டின் டெல்டா 18-ஓவிலிருந்து வெப்பநிலையின் பங்கைக் கழிப்பது பொருளற்றதாகிவிடும்.

கழித்தல்: வெப்பநிலை = 14.9 - 4.80 × (ஓட்டின் டெல்டா 18-ஓ - நீரின் டெல்டா 18-ஓ). இது பெமிஸ் 1998 சமன்பாடு. நீருக்கு வரும் விடையோடு 0.27 கூட்டி ஸ்மோவ் (நீருக்கான ஐசோடோப் அளவுகோல்) அளவுக்கு மாற்றுங்கள். இதை மறப்பவர் எண்ணிக்கைக்குக் கணக்கில்லை. உங்கள் தலை மாதிரி 0.10‰ தருகிறது. பனியுகத்துக்கு 25.5 டிகிரி, -1.0‰ போட்டால் 1.48. அதில் பனிப்பாறை விளைவு (லேசான ஆக்சிஜன் பனியில் முடங்கியது) 1.0‰ கழித்தால் 0.48. இன்றைவிட 0.4‰ அளவு கூடுதல், பருவமழை தளர்ந்த கடலுக்கு நியாயமான எண். அதே இடத்தில் உங்கள் 32 டிகிரியைப் போட்டுப் பாருங்கள்: 1.8‰. ஏறக்குறைய இன்றைய வடசெங்கடல். பிழையான எம்ஜி/சிஏ இரண்டாம் படியில் இப்படித்தான் பூதாகாரமாகும், ஆகவே இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே ஒரு சோதனையாக ஓட்டிவிடுங்கள்.

பிழை வீச்சு: எம்ஜி-யில் ஒரு டிகிரி பிழை நீரில் 0.2‰. ஐசோடோப் கருவிப் பிழை, பனிப்பாறைத் திருத்தத்தின் பிழை எல்லாம் சேர்ந்து 0.25‰ ஆகிவிடும். 0.4‰ மாற்றம் அதைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. எனவே தனித்தனிப் புள்ளியைக் கொண்டு பேசாமல், பத்துப் பதினைந்து மாதிரிகளின் போக்கைக் கொண்டு பேசுங்கள். உப்புத்தன்மை அலகாக மாற்றவும் வேண்டாம். இன்றைய வங்கக்கடலின் ஐசோடோப்-உப்பு உறவு, கங்கையும் பிரம்மபுத்திராவும் இன்று கொட்டும் நீருக்கு உரியது. மழைநீரின் ஐசோடோப்பே மாறியிருக்கக்கூடிய காலத்துக்கு அதை நீட்ட முடியாது.

ஆற்றுநீர் வரத்துக்குத் தனியான சாட்சி வேண்டுமென்றால், அதே எம்ஜி கரைசலில் பேரியம்/கால்சியம் அளக்கலாம். ஆற்றுநீரில் பேரியம் கூடுதல், ஓட்டில் அது பதிவாகும். ஆனால் ஓட்டில் ஒட்டிய பேரைட் (பேரியம் சல்ஃபேட்) துகள் ஒன்று போதும் மதிப்பைப் பாழாக்க. அதைக் கரைத்தெடுக்கும் டிடிபிஏ கழுவல் கட்டாயம். அந்தக் கழுவல் ஓட்டையும் கொஞ்சம் கரைக்கும், 35 ஓட்டில் தொடங்கினால் கடைசியில் அளக்க ஒன்றும் மிஞ்சாது. 60 வையுங்கள்.

வண்டல்வாசி

3.5-4.4 மீட்டர் மாதிரிகளில் எட்டைத் திரும்பச் சுத்தம் செய்ய எடுக்கிறேன். ஓடு போதவில்லை, மீதிச் சேற்றைப் புதிதாகக் கழுவ வேண்டும். கழுவும்போது கவனிக்க வேறு ஏதாவது?

கடலடிவாயு

50 டிகிரிக்கு மேல சூடாக்கிக் காய வைக்காதீங்க, களிமண் இறுகி ஓட்டோட ஒட்டிக்கும். கட்டியை நீர்ல ஊறப்போட்டு மெதுவா ஆட்டினாலே கலையும். காய்ச்சி வடிச்ச நீர் காத்துல நின்னா கொஞ்சம் அமிலமாயிடும், அதுல நாள்கணக்கா ஊறப்போட்டா ரூபர் மாதிரி மெல்லிய ஓடு அரிக்கும். ஒரு ராத்திரி போதும், அதுக்கும் ஒரு சொட்டு அம்மோனியா விடுங்க. ஒவ்வொரு மாதிரிக்கு நடுவிலேயும் சல்லடையை அல்ட்ராசோனிக்ல போட்டு, மெத்திலீன் நீலத்தில் நனைச்சு எடுங்க. அடுத்த மாதிரியில் நீல ஓடு தெரிஞ்சா அது முந்தின மாதிரியோடது, தூக்கிப் போட்டுடலாம்.